அருளப்பு போட்ட ஒயில் சீல்

கராஜுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

போன கிழமை உங்களில் இரண்டு பேர் என் வீடு தேடி வந்தீர்கள். மரியாதையாக உட்கார்ந்தீர்கள். மரியாதையாகத் தேத்தண்ணி குடித்தீர்கள். அதன் பிறகு, "அருளப்பு மாஸ்டரோடு வேலை செய்த ஆள் நீங்கள்தானாமே?" என்று கேட்டீர்கள்.

ஆயுளில் பாதியை லொறிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து கழித்தவன் நான். முதுகு என்னை நேரகாலத்தோடு ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. அந்த முதுகைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்து உங்களை வரவேற்றேன். உங்களுக்கு நான் அருளப்புவோடு வேலை செய்த ஆள். சரி, அருளப்புவைப் பற்றியே எழுதுகிறேன். அவனைப் பற்றி என்னைவிட ஆழமாக யோசித்தவர்கள் இந்த ஊவா மாகாணத்தில் கிடையாது. அவன் மனைவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். இது பொறாமைக்காரன் எழுதுவது. ஆகவே அவனைப் பற்றி இதில் வரும் நல்ல செய்திகளை நீங்கள் தாராளமாக நம்பலாம். அவை என்னிடமிருந்து சும்மா வந்திரா.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன லொறிகளைத் தோட்டங்கள் மலிவாக வாங்கி ஓட்டிய காலம். சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. லொறிகளுக்கு அது இன்னும் தெரியவில்லை, போர்க்களத்தில் நிற்பதுபோலவே புகை கக்கின. பதுளையில் எங்கள் கராஜுக்கு ஓய்வே இல்லை. நான் அங்கே சேர்ந்து நிலைத்த பிறகுதான் அருளப்பு வந்தான். எனக்குப் பிறகு வந்தவன் என்பதை எங்கே பேசினாலும் நான் முதலில் சொல்லிவிடுவது வழக்கம். நான் யாழ்ப்பாணம், அவனும் யாழ்ப்பாணம். எனக்கு இருபது புத்தகங்கள் இருந்தன. அவனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது.

வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் வெள்ளைக் கைக்குட்டை. அவன் லொறிக்கு அடியில் புகுந்து வெளியே வந்தால் தலையில் வகிடு எடுத்தது எடுத்தபடி இருக்கும். நான் அதே லொறிக்கு அடியிலிருந்து வந்தால் புகைக்கூண்டுக்குள் விழுந்தவனைப்போல் இருப்பேன். கராஜ் நாய் என்னைக் கண்டால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடும். அவனைக் கண்டால் எழுந்து நிற்கும். அதற்குச் சோறு போட்டது நான்.

ஹல்துமுல்லைப் பக்கமிருந்து ஓடிய ஒரு பஸ்ஸில் உருட்டுச் சத்தம் வந்தது. வளைவு திரும்பும்போதெல்லாம் பின்பக்கத்தில் கடகட என்று கேட்கும். பின் அச்சின் டிபரன்ஷல்தான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். கழற்றினேன். பற்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கு விரித்து அடுக்கிவைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அருளப்பு வந்தான். பஸ்ஸுக்குள் ஏறினான். கடைசி ஆசனத்தின் பலகையைத் தூக்கினான். உள்ளேயிருந்து ஓர் அம்மிக்குழவியை எடுத்து என் பற்சக்கரங்களுக்குப் பக்கத்தில், அதே வரிசையில், மெல்ல வைத்துவிட்டுப் போனான். பதுளைச் சந்தையில் யாரோ வாங்கி, ஆசனத்துக்கு அடியில் வைத்து, மறந்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள்.

ஒரு வார்த்தை பேசவில்லை அவன். பேசியிருந்தால் நான் கோபித்திருப்பேன், கோபம் ஆறியுமிருக்கும். பேசாமல் போனதால்தான் அது உள்ளே தங்கிப் பொறாமையாக மாறியது. அந்தக் குழவியைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. வருஷக்கணக்காக அது கராஜ் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. நான் ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்.

இனி லொறிக்கு வருகிறேன்.

லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே பட்டாளத்து லொறி ஒன்று தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டு மலையில் ஏறி இறங்கும். இடைக்கிடை தேயிலைப் பெட்டிகளோடு பதுளை ரயில் நிலையத்துக்கும் வரும். சாரதியின் பெயர் வீராசாமி. தோட்டத்திலேயே பிறந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலேயே வளர்ந்து, கிளீனராக ஏறிச் சாரதியானவர். அந்த லொறிக்குக் கியர் பெட்டியில் ஒயில் நிற்பதில்லை. விடிந்தால் குறைந்திருக்கும். ஊற்றினால் மறுநாள் மீண்டும் குறைந்திருக்கும். நிறுத்திய இடத்திலோ ஒரு சொட்டு இல்லை.

முதல் தடவை லொறியைப் பதுளைக்கு அனுப்பினார்கள். அருளப்பு கியர் பெட்டியை இறக்கி, ஒயில் வெளியே வராமல் அடைக்கும் பின்பக்கத்து ஒயில் சீலை மாற்றினான். தோல் சீல், பதமாக எண்ணெயில் ஊறவைத்து, விரலால் நீவி நீவி உட்காரவைத்தான். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். நன்றாகத்தான் செய்தான். லொறி போயிற்று. கொஞ்ச நாளில் அதே முறைப்பாடு வந்தது.

இரண்டாம் தடவை தகவல் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கே போனான். பாய் விரித்துக் கொடுத்தார்களாம். படுத்துப் பார்த்தான். கியர் பெட்டியைச் சுற்றிக் காய்ந்து, சுத்தமாக இருந்தது. அளவு பார்க்கும் மூடியைத் திறந்து விரலை விட்டான். ஒயில் நிறைய இருந்தது. விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "லொறி ஒயில் குடிக்கேல்லை" என்று சொன்னான்.

அவன் சொன்னது அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா நின்றிருந்தார். ஸ்டோரிலிருந்து நாள்தோறும் ஒயில் அளந்து கொடுப்பவர் அவர். "அப்ப குடிக்கிறது ஆர்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு லொறியைத் தவிர்த்தால் ஒரே ஒரு பதில்தான் மிஞ்சியது. வீராசாமி ஒயிலை லுணுகலைக் கடைகளில் விற்கிறார் என்று பேச்சுக் கிளம்பியது. மாத முடிவுக்குள் விஷயம் வெளிக்காவிட்டால் பத்துச்சீட்டு என்று பெரிய தொரை சொல்லிவிட்டார்.

டவுனில் பிறந்த தம்பிமாருக்குப் பத்துச்சீட்டு விளங்காது. அந்தத் துண்டைக் கையில் கொடுத்தால் போவது வேலை மட்டுமல்ல. லயத்து அறை போகும். தோட்டத்துப் பேரேட்டிலிருந்து மனைவியின் பேர் போகும். கள்ளன் என்று எழுதாமல் எழுதிய சீட்டோடு வருபவனை அடுத்த தோட்டம் எடுக்காது. தோட்டத்து ஆட்களின் வாக்குரிமையும் பறிபோயிருந்த அந்த வருஷங்களில், தோட்டத்துக்கு வெளியே அந்த மனிதர் நிற்பதற்குச் சட்டப்படி ஓரடி நிலம் கிடையாது.

வீராசாமி கராஜுக்கு வந்தார். அருளப்பு இல்லை, பண்டாரவளைப் பக்கம் போயிருந்தான்.

"அருளப்பு ஐயா இல்லீங்களா?"

"பண்டாரவளைக்குப் போட்டார்."

"எப்ப வருவாருங்க?"

"தெரியாது. என்ன விசயம், சொல்லுமன்."

"இல்லீங்க... அவரு இருந்தா நல்லாருக்கும்."

இரண்டு கையும் இரண்டு கண்ணும் உள்ள மெக்கானிக் ஒருவன் அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவர் என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு ஒரு வார்த்தை தொரைக்கிட்ட சொன்னா நம்புவாங்கய்யா. நான் ஒரு சொட்டு வித்திருந்தா எங் கை வெளங்காது. பொஞ்சாதி புள்ளைங்களோட எங்கய்யா போவேன்? அந்த லொறி ஓடுற ரோட்ட வெட்டுனதே எங்க அப்பாருதான்."

"பாப்பம்" என்றேன். யாழ்ப்பாணத்தில் அது வாக்குறுதி. தோட்டத்தில் அது 'இல்லை' என்பதற்குப் பக்கத்துச் சொல். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளியிடம் கேட்டேன். பதுளை பஜாரில் இரும்புக்கடை வைத்து, பிறகு கராஜும் வைத்த முஸ்லிம் பெரியவர் அவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"இஞ்ச பாருங்க, அருளப்பு மாஸ்டர் பாத்து முடிச்ச சாமானிலயா நீங்க கை வெக்கப் போறீங்க? அவர் என்ன நெனப்பார்?"

அருளப்பு என்ன நினைப்பான் என்று கவலைப்பட ஓர் ஊரே இருந்தது. அடுத்த நாளுக்கு வயிற்றுவலி என்று சொல்லி லீவு எடுத்தேன்.

இந்த இடத்தில் ஒரு நல்ல தொடர்கதை எழுதுகிறவராயிருந்தால், என் நெஞ்சில் நீதியின் நெருப்பு மூண்டது என்று எழுதியிருப்பார். வீராசாமிக்காக நான் வருந்தியது உண்மைதான். ஆனால் அந்த வருத்தம் மட்டுமென்றால் ஒரு பெருமூச்சோடு முடிந்திருக்கும். லுணுகலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தது, அருளப்பு எங்கேயாவது பிழை விட்டிருக்கவேண்டும் என்ற ஆசை. அதனால்தான் ஒருவருக்கும் தகவல் சொல்லவில்லை. போய் ஒன்றும் கண்டுபிடிக்காமல் திரும்பினால் அவனுக்குத் தெரியக்கூடாது அல்லவா? லுணுகலைக் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் படுத்து எழும்பி, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்துக்குத் தோட்டத்துக்கு ஏறினேன். புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அருளப்பு வெள்ளைச் சட்டையில் போன இடத்துக்கு நான் காக்கியில் போவதா?

தொழிற்சாலையை ஒட்டிய சரிவில் லொறி நின்றது. மூக்குக் கீழ்ப்பக்கம் பார்த்தபடி, முன்சில்லுக்கு ஒரு கல் முட்டுக்கொடுத்திருந்தது. சரிவின் அடியில் லயங்கள். ஆட்கள் எல்லோரும் பெரட்டில் நின்றார்கள். நான் ஒருவரையும் கேட்காமல் அடியில் புகுந்தேன்.

கியர் பெட்டியின் பின்பக்கம் முழுக்க நனைந்து, புழுதி ஒட்டிக் கறுத்திருந்தது. அதற்குப் பின்னால்தான் கை பிரேக்கின் உருளை. அதுவும் ஒயிலில் குளித்திருந்தது. சொட்டு நிலத்தில் விழாததற்கும் காரணம் தெரிந்தது. லொறி நிற்கும்போது ஒன்றும் ஒழுகுவதில்லை. ஓடும்போது தள்ளி, ரோட்டெல்லாம் சிதறிவிடுகிறது.

நான் மல்லாந்து கிடந்தபடி சிரித்தேன். கசிகிற இடம் அருளப்பு போட்ட சீல். அவன் நீவி நீவி உட்காரவைத்த சீல். என் வாழ்க்கையில் வேறெந்த அழுக்கையும் நான் அவ்வளவு பிரியத்தோடு பார்த்ததில்லை.

"யாரது? ஏய்! யாரது லொறிக்கடியில?"

ஒயில் டின்னும் கையுமாக வீராசாமி. நான் தலையை நீட்டினேன். அவருக்கு ஆச்சரியத்தைவிட வெட்கந்தான் அதிகம் வந்தது.

"ஐயோ, மாஸ்டரு ஐயாவா! சொல்லிட்டு வரக்கூடாதுங்களா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா கழுவி வச்சிருப்பேனே!"

"எதை?"

"லொறியத்தாங்க. பெரிய ஆளுங்க பாக்க வந்தா அழுக்கோடவா காட்டுறது? அருளப்பு ஐயா வந்தப்ப நானும் எம் பொஞ்சாதியும் மண்ணெண்ண போட்டு அடியெல்லாம் தொடச்சி, ஆத்துல எறக்கிக் கழுவி, இந்த எடத்துலயே ஒயில நெரப்பி, பூ வச்சில்ல நிப்பாட்டுனோம். பதுளைக்கு அனுப்புனப்பவும் அப்படித்தாங்க."

டாக்டரிடம் போகுமுன் முழுகி, தலைவாரிப் போவோமே, அதுபோலத்தான். அந்த மரியாதையில் அவர் தன் பக்கத்துச் சாட்சியைத் தன் கையாலேயே தேய்த்துக் கழுவியிருக்கிறார். அருளப்பு பார்த்தது கழுவிய லொறி. நான் பார்த்தது கழுவாத லொறி. எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். அவன் தகவல் சொல்லிவிட்டுப் போனான். நான் பொறாமையால் சொல்லாமல் போனேன். நல்ல குணங்கள் எனக்கு எத்தனையோ வேலைகளைக் கெடுத்திருக்கின்றன. இந்த ஒன்றை ஒரு கெட்ட குணம் காப்பாற்றியது.

பெரட்டு முடிந்து டீமேக்கர் ஐயா வந்தார். "உம்மை ஆர் வரச் சொன்னது?" என்று தொடங்கியவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். குனிந்தார். பார்த்தார். நிமிர்ந்து கேட்டார்:

"அப்ப, அருளப்பு போட்ட சீல் பிழையோ?"

தம்பிமாரே, எவ்வளவு அழகான கேள்வி. அந்த வார்த்தைகளை அதே ஒழுங்கில் யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் ஏங்கியிருந்தேன். "ஓம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து வீராசாமி, காலை வழக்கப்படி, அடியில் புகுந்து அளவு மூடியைக் கழற்றி விரலை விட்டார். "பாருங்கய்யா, இன்னிக்கும் கொறஞ்சிருச்சு" என்று சொல்லி டின்னைச் சாய்த்தார். ஊற்றினார். இன்னும் ஊற்றினார். அதைப் பார்க்கப் பார்க்க, 'ஓம்' சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். நல்ல தோல் சீல் ஒரு நாளைக்கு இவ்வளவையும் விடாது. கெட்ட சீல் என்றால், பழுது பார்த்த மறுநாளே முறைப்பாடு வந்திருக்கவேண்டும்.

"வீராசாமி, ஏன் இப்பிடி மூஞ்சியைக் கீழ விட்டு நிப்பாட்டுறீர்?"

"இஞ்சின ஸ்டார்ட் பண்ற செல்ப் வேல செய்யலீங்க. காலையில கல்ல எடுத்தா தானா உருண்டு இஞ்சின் புடிச்சிக்கும்."

"செல்ப் ஏன் திருத்தேல்லை?"

வீராசாமி டீமேக்கர் ஐயாவைப் பார்த்தார். டீமேக்கர் ஐயா மலையைப் பார்த்தார். "இவ்வளவு சரிவு கிடக்கேக்கை செல்ப் என்னத்துக்கு? வீண் செலவு" என்றார்.

"அதுக்கு முதல் எங்க நிப்பாட்டினது?"

"ஷெட்டுலங்க. சமமா."

"ஒயில் குறையத் தொடங்கினது எப்ப? செல்ப் போக முதலோ, போன பிறகோ?"

வீராசாமி டின்னைக் கீழே வைத்தார். யோசித்தார். "செல்ப் தீவாளிக்கு முன்னாடி போச்சுங்க. இது... தீவாளிக்குப் பொறவுதாங்க."

ஒரு தட்டில் சொதியை ஊற்றி ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள். ஒரு விளிம்பு வறண்டுபோகும், மறு விளிம்பு வழியும். அந்த லொறிக்கு அளவு மூடி கியர் பெட்டியின் பின்பக்கத்தில் இருந்தது. மூக்குக் கீழே இருக்க நிறுத்தினால் ஒயில் முன்னுக்குப் போய்விடும்; மூடியில் விரல் விட்டால் எப்போதும் குறைவு. அதை நம்பி நிரப்பினால் பெட்டி அளவுக்கு மீறிவிடும். அப்படியே கொழுந்துச் சுமையோடு மேட்டில் ஏறினால் மிஞ்சியதெல்லாம் பின்னுக்கு வந்து, சூடாகி, நுரைத்து, எந்தச் சீலாக இருந்தாலும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மறுநாள் காலை மறுபடியும் விரல், மறுபடியும் குறைவு. ஊற்றியதால்தான் ஒயில் போனது. ஒரு நாள்கூட மறக்காத கவனம்தான் லொறியைப் பிடித்த நோய். சோம்பேறிச் சாரதியின் லொறிக்கு இந்த நோய் வந்தேயிராது.

இவ்வளவும் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு வந்ததுதான் கஷ்டம். உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் அதைத்தான்.

'சீல் பிழை' என்று சொல்லலாம். வீராசாமி தப்புவார், அருளப்பு விழுவான், நான் பதுளைக்குப் பாடிக்கொண்டு திரும்பலாம். ஆனால் புதுச் சீல் போட்ட பிறகும் ஒயில் போகும். அப்போது அது வீராசாமிக்கு எதிரான கடைசிச் சாட்சியாகிவிடும். சரி, உண்மையைச் சொல்லலாம்: 'சாரதி கூட ஊற்றினார்.' அப்படிச் சொன்னால் தோட்டத்து ஒயிலை வீணாக்கினான் என்று அதே பத்துச்சீட்டைக் கொடுப்பார்கள். காரணம் மட்டும் மாறும். 'செல்ப் திருத்தாததுதான் பிழை' என்றால் டீமேக்கர் ஐயா அதைத் தொரையின் காதுவரை போக விடமாட்டார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. எதை முதலில் சொன்னாலும் ஒரு மனிதனின் வீடு போய்விடும்.

வாயால் எதைத் தொடங்கினாலும் ஆபத்தென்றால், கையால் தொடங்குங்கள். "வீராசாமி, கல்லை எடும். லொறியைப் பெரட்டுக் களத்துக்கு விடும்" என்றேன். ஒரு தோட்டத்தில் மனிதர் கட்டிய தரையைத் தவிரச் சமதரை என்று ஒன்று இருந்தால் அது பெரட்டுக் களம்தான்.

லொறி உருண்டது, இருமியது, பிடித்தது, களத்தின் நடுவில் போய் நின்றது. மலைக்குப் புறப்பட்ட பெண்கள் கூடைகளோடு நின்று பார்த்தார்கள். டீமேக்கர் ஐயாவைப் பக்கத்தில் குந்தவைத்துவிட்டு நான் அடியில் புகுந்து மூடியைக் கழற்றினேன்.

ஒயில் வரும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. மூடி கையோடு வந்தது. பின்னாலேயே குழாய் திறந்ததுபோல் கழுத்திலிருந்து வயிறுவரை ஊற்றியது. புதுச் சட்டை.

"அடியேய், லொறி ஐயாவுக்கு எண்ண தேச்சு விடுதுடி!"

"தீவாளி வந்திருச்சுங்களா மாஸ்டரு? சீயக்கா கொண்டாரவா?"

களம் முழுக்கச் சிரிப்பு. வீராசாமி மட்டும் சிரிக்கவில்லை. ஒழுகுகிற ஒயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். டீமேக்கர் ஐயாவும் சிரிக்கவில்லை.

"இவ்வளவும் உள்ளுக்கையோ இருந்தது?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். முகத்திலிருந்து வழிந்ததைத் துடைக்க என்னிடம் கைக்குட்டை இல்லை.

"வித்த ஒயில் பெட்டிக்குள்ளை இராது ஐயா. சரிவிலை வைச்சுப் பாத்தால் குறைவாய்த்தான் காட்டும், ஆர் பாத்தாலும். கண்டதை நம்பி ஊத்தியிருக்கிறார். மிஞ்சினதை லொறி மேட்டிலை தள்ளிப்போட்டுது. பிழை சரிவிலைதான்."

"அப்ப சீல்?"

தப்ப விட்டேன் என்று நினைத்த கேள்வி திரும்பி வந்து நின்றது. இத்தனை பேர் முன்னால். என் தொண்டையில், கிளச் மிதிக்காமல் கியர் போட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"அருளப்பு போட்ட சீல் சரியாத்தான் இருக்கு" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கேட்டவர் சந்தேகப்படக்கூடாதே என்று, "இதைவிட நல்லாய் ஒருத்தராலும் போட ஏலாது" என்றும் சொன்னேன். மலைக்குப் போன பெண்கள் அந்தச் செய்தியையும் கூடையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

பிறகு டீமேக்கர் ஐயாவைத் தனியே அழைத்துக் கை பிரேக் உருளையைக் காட்டினேன். ஒயிலில் ஊறிய பிரேக், ஒரு கல், கீழே லயம். கல் நழுவினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அவருடைய முகமே சொல்லிற்று. அவர் கொடியவர் அல்ல, சிக்கனக்காரர். "தொரையிட்டை நீங்களே போய் ஆபத்தைக் கண்டுபிடிச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோ. செல்ப் ஒண்டு கேளுங்கோ. ஒயில் கணக்கும் அதோடை சரிவந்திடும்" என்றேன். அவர் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "வடிவாய்ச் சொல்லுறன்" என்றார்.

ஆக, ஒரே காலையில் என்னிடமிருந்த பெருமையை இரண்டாகப் பிரித்து இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு, வீராசாமியின் காக்கிச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சட்டை எனக்கு இறுக்கம். பஸ்ஸை விட்டிறங்கி நடக்கையில் முதலாளி கண்டுவிட்டார். "வயித்துவலி காக்கிச் சட்டையிலயா வாறது?" என்றார்.

மாத முடிவு வந்தது, போனது. பத்துச்சீட்டு எழுதப்படவில்லை.

அதன் பிறகு ஒரு நாள், பெட்டிகளை ரயிலில் ஏற்றிவிட்டு, வீராசாமி லொறியோடு கராஜுக்கு வந்தார். முற்றத்தில் சமமான இடம் தேடி நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். என்னையும் அருளப்புவையும் பார்த்துவிட்டு, மறுபடியும் செல்பை அழுத்தினார். ஒரே அழுத்தில் பிடித்தது. சின்னப் பிள்ளையைப்போல் இன்னொரு தடவையும் அணைத்து அழுத்திக் காட்டினார். பிறகு இறங்கி வந்தார். கையில் இரண்டு பொட்டலங்கள்.

என்னைத் தாண்டிப் போய், பெரிய பொட்டலத்தை அருளப்புவிடம் கொடுத்தார்.

"தேயில, ஐயா. தொரைக்கு ஒதுக்குறது. டீமேக்கர் ஐயாவே கட்டிக் குடுத்தாரு. நீங்க போட்ட சீலாலதான் எங் குடும்பம் தப்பிச்சுது. அதப்போல ஒருத்தரும் போட முடியாதுன்னு இந்த மாஸ்டரே களத்துல சொன்னாரு. தோட்டமே கேட்டுச்சு."

பிறகு என்னிடம் வந்தார். குரல் இறங்கிவிட்டது.

"மாஸ்டரு, ஒங்க சட்ட. எம் பொஞ்சாதி சவுக்காரம் போட்டா, சாம்பல் போட்டா, என்னென்னமோ போட்டுப் பாத்தா. கற போகலீங்க. மன்னிச்சுக்கணும்."

அவர் போன பிறகு, பத்திரிகைத் தாளில் மடித்திருந்த அந்தச் சட்டையை அருளப்பு என்னைக் கேட்காமலே எடுத்து விரித்தான். கழுத்திலிருந்து வயிறுவரை மஞ்சள் பூத்த கறை. கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஐசே, இது கியர் ஒயில்."

"ஓம்."

"மூடி கழட்டேக்கை அடிச்சிருக்கு."

"ஓம்."

"சமதரையிலை."

"ஓம்."

அவ்வளவுதான். முழுக் கதையையும் அவன் அந்தக் கறையிலேயே வாசித்துவிட்டான். இதற்குத்தான் எனக்கு அவனைப் பிடிக்காது.

"நான் போகேக்கை பளபளவெண்டு நிண்டது. பூவும் வைச்சிருந்தாங்கள்" என்றான். "உமக்கு ஏன் கழுவி வைக்கேல்லை?"

"நான் சொல்லாமல் போனனான்."

"ஏன் சொல்லாமல் போனீர்?"

நான் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த குழவியைப் பார்த்தேன். அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு மறுபடியும் கறையைப் பார்த்தான். அப்போது அவனுடைய உதடு ஒரு பக்கம் இறங்கி, கண் சுருங்கி, முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் நாள்தோறும் பார்க்கிற முகம்.

அவன் தேயிலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான்.

"மாத்துவமோ?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் கை இறங்கவில்லை. நல்ல தேயிலை, வாசம் கடதாசியைத் தாண்டி வந்தது. நான் யோசித்தேன், உங்களிடம் மறைப்பானேன், கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு சட்டையை அவன் கையிலிருந்து வாங்கி, கறை வெளியே தெரியும்படி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் அவன் அந்தத் தேயிலையில் தேத்தண்ணி ஊற்றி, எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தான். குடித்துப் பார்த்தேன். சாயம், சீனி, சூடு எல்லாம் அளவோடு இருந்தன. அதையும் சரியாகச் செய்திருந்தான்.